ஐந்தாவது வால்வு

போன வாரம் என் காரை ஈப்போவில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தேன். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வால்வு அரைக்கும் பசை இருந்த டப்பாவை மெக்கானிக் திறந்ததும் அந்த வாசனை வந்தது. எண்ணெயில் குழைத்த கரகரப்பான தூளும் தேய்ந்து சூடேறிய இரும்பும் கலந்த வாசனை. பக்கத்தில் கிடந்த பலகைப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வயது மதிக்கத்தக்க அந்த மெக்கானிக் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னா சார், மயக்கமா? வெயிலு லா. எக்சாஸ்ட் வால்வு நாலும் போச்சு. சாதா போடவா? இல்ல, ரேஸ் ஓடுறவனுங்க போடுற சாமானு ஒண்ணு இருக்கு, அது போடவா?"

"எது சூடு தாங்கும்?"

"ரேஸ் சாமான்தான். ஆனா சார் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போறதுக்கு அது எதுக்கு லா?"

அவர் சொன்னது நியாயம்தான். இருந்தும் சூடு தாங்குவதையே போடச் சொன்னேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டியதை முப்பது ஆண்டுகளாகச் சொல்லாதவன், முன்பின் தெரியாத ஒருவரிடம் அதை எப்படித் தொடங்குவது?

அன்று வீடு திரும்பியபோது தபாலில் ஒரு சிறப்பு மலர் வந்திருந்தது. ஜப்பானியர் காலத்தில் நாம் இருவரும் வேலை செய்த மோட்டார் பட்டறையின் மேற்பார்வையாளருக்கு எண்பது வயது நிறைகிறதாம். அதற்கு முன்பு ஒரு தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தவர் என்பதால், பட்டறையிலும் அவரை நாம் கிராணியார் என்றே அழைத்தோம். வழவழப்பான தாளில், மாலையோடு அவர் படம். உள்ளே அவரே எழுதிய கட்டுரை. இக்கட்டான காலத்தில் தம் ஆட்களைத் தாம் எவ்வாறு காத்தார் என்பது அதன் பொருள். நடுவில் ஒரு வாக்கியம்: பாகங்கள் பொருத்தும் ஒரு பிட்டரின் கவனக்குறைவால் மலையேறிய லோரி பாதியில் நின்றது என்றும், அந்த ஒருவனைத் தவிர ஏனையோரைத் தம்மால் காப்பாற்ற முடிந்தது என்றும் எழுதியிருக்கிறார்.

அந்த ஒருவன் நீ. உன் பெயரைக்கூட அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் யாராவது வந்து கேட்கக்கூடும் என்று அந்த வயதிலும் யோசித்திருக்கிறார்.

எனக்கு இப்போது ஐம்பத்தைந்து. கோபத்தில் கை நடுங்கும் வயது கடந்துவிட்டது. இந்தக் கோபம் குளிர்ந்து இறுகிவிட்ட ஒன்று. நிதானமாக எழுத அது இடம் கொடுக்கிறது. ஆகவே வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சொல்வேன். தெரியாத ஒன்றும் இருக்கிறது. அதாவது, தெரியாது என்றுதான் இத்தனை காலம் எண்ணியிருந்தேன்.

சென்னையில் பொறியியல் படித்துப் பட்டம் பெற்று நான் ஈப்போவுக்குத் திரும்பிய சில ஆண்டுகளில் போர் வந்தது. வேலை கொடுத்த வெள்ளைக்காரக் கம்பெனி ஓடிப்போயிற்று. செட்டிநாட்டிலிருந்து வந்து என் அப்பா நடத்திய கடை அடைத்துக் கிடந்தது. ஜப்பானிய இராணுவம் எடுத்துக்கொண்ட பட்டறையில் என்னை எஞ்சினியர் என்று வைத்தார்கள். நீ சுங்கை சிப்புட் பக்கத்துக் கித்தாத் தோட்டத்தில், ரப்பர்த் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தோட்டத்து ஆலையின் எஞ்சினோடு வளர்ந்தவன். உனக்கும் என் வயதுதான். முதல் நாள் நான் ஸ்பேனரைப் பிடித்த விதத்தைப் பார்த்து, "காலேஜு, அது கரண்டி இல்ல லா, ஸ்பேனரு. சாம்பாரு கிண்டப் போறியா?" என்றாய். பட்டறையே சிரித்தது. அன்றிலிருந்து எனக்குக் காலேஜு என்பதே பெயர். உன்னை நான் மச்சான் என்றேன். பெண் கொடுத்து எடுத்த உறவு நமக்குள் இல்லை. நீ கிறிஸ்தவ வேதக்காரன், நான் செட்டி வீட்டுப் பிள்ளை. அந்த ஓராண்டுக் காலத்தில் அதைவிட நெருங்கிய உறவு எனக்கு இருந்ததாக நினைவில்லை.

பெரட்டு என்பது தோட்டத்தில் ஆட்களை விடியலில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் வழக்கம். அதைக் கிராணியார் பட்டறைக்கும் கொண்டுவந்தார். ஒவ்வொரு காலையும் கிழக்கே, ஜப்பானியப் பேரரசர் இருக்கும் திசையைப் பார்த்துக் குனிந்து நிமிர்ந்த பின், பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். அவர் சட்டைப் பையில் இன்னொரு தாளும் இருந்தது. சயாமில் ரயில்பாதை போட ஆள் அனுப்பும் பட்டியல்; போனவர்கள் திரும்பி வந்ததாகச் செய்தி இல்லை. பட்டறை ஆட்கள் தேவையானவர்கள் என்று ஜப்பானிய அதிகாரி கருதும்வரை நம் பெயர்கள் அதில் ஏறா. கருத்து மாறினால் அந்தத் தாளை நிரப்புகிறவர் கிராணியார். பெரட்டில் நிற்கும்போது எல்லோருடைய கண்ணும் அவர் வாயில் இருக்காது. சட்டைப் பையில் இருக்கும்.

பெட்ரோல் இல்லாத காலம். லோரிகளின் முதுகில் கரியடுப்பைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் எஞ்சினை ஓட்டினோம். சமதரையில் ஓடும், மேட்டைக் கண்டால் படுத்துவிடும். ஒரு நாள் பெரட்டில் கிராணியார் அதிகாரியின் உத்தரவைச் சொன்னார்.

"ஏழு நாளு. முப்பது மூட்டையோட தாப்பாவுலேருந்து கேமரன் மலை மேல ஒரு லோரி ஏறணும். ஏறுச்சுன்னா பன்னெண்டு லோரிக்கும் இந்த வேலையச் செய்யலாம், எல்லாரும் இங்கயே இருக்கலாம். ஏறலன்னா சில பேருக்கு இங்க வேல இல்ல. இங்க வேல இல்லாதவனுக்கு எங்க வேல இருக்குன்னு ஒங்களுக்கே தெரியும்."

நீதான் வாயைத் திறந்தாய்.

"கிராணியாரே, மூட்டையில என்னா? அரிசின்னா சொல்லுங்க, லோரி வேணாம், நானே தூக்கிட்டு ஏறிடுறேன்."

பின்வரிசையில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். கிராணியார் சிரிக்கவில்லை. உன்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் கவனித்தேன். நீ அதற்குள் யாருக்கோ கண்ணடித்துக்கொண்டிருந்தாய்.

வேலை நம் இருவர் தலையில் விழுந்தது. செய்ய வேண்டியது எனக்குப் புத்தகத்தில் தெரியும், உனக்குக் கையில் தெரியும். கரிவாயு சோம்பலாக எரியும். அதை இன்னும் நெருக்கி அமுக்கினால்தான் வலு வரும். அதற்கு ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவி, எரியும் இடத்தைக் குறுக்க வேண்டும். கண்ணாடிப் பலகையில் நீலச் சாயம் தடவி, அதன்மேல் ஹெட்டை வைத்துத் தேய்த்து, சாயம் பட்ட மேடுகளை மட்டும் சுரண்டிச் சுரண்டி நீ சமப்படுத்தினாய். வாயு தாராளமாக உள்ளே வர வழியை அகலப்படுத்தினோம். வலு கூடினால் சூடும் கூடும். அந்தச் சூடு முழுவதும் வெளியேறும் வழியில் நிற்பது எக்சாஸ்ட் வால்வு. மலை ஏறும்போது அது சிவக்கச் சிவக்கக் காய்ந்துகொண்டே, நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை திறந்து மூட வேண்டும். ஆறு சிலிண்டருக்கு ஆறு எக்சாஸ்ட் வால்வு. பழையவை இந்தச் சூட்டில் அரைமணி நேரம் தாங்கமாட்டா என்பதில் நம் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

புதியது வாங்கக் கடை ஏது? வெள்ளைக்காரப் படை விட்டுப்போன வண்டிகள் ஈயம் தோண்டிய குட்டையோரம் துருப்பிடித்துக் கிடந்தன. அவற்றின் வயிற்றைக் கிழித்து ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் நிறைய வால்வு சேர்த்தோம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். எந்த எஃகு சூடு தாங்கும் என்று கண்டுபிடிக்க நம்மிடம் சோதனைச்சாலை இல்லை. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பழைய மேக்னெட்டோவிலிருந்து கழற்றிய லாடக் காந்தம் ஒன்று இருந்தது. மிகுந்த சூடு தாங்கும் வால்வு எஃகில் காந்தம் ஒட்டாது என்பதைப் புத்தகத்திலிருந்து நான் சொன்னேன். நீ அதைத் தோட்டத்து ஆலையில் ஏற்கெனவே கண்டிருந்தாய்.

"ஒட்டுச்சுன்னா உள்ள விடுற வழிக்கு. ஒட்டலன்னா வெளிய விடுற வழிக்கு. இதுக்கா காலேஜு மெட்ராஸ் வரைக்கும் போன?"

இரண்டு நாள் உட்கார்ந்து தகரம் முழுவதையும் சோதித்தோம். அளவும் பொருந்தி, காந்தமும் ஒட்டாதவை சரியாக ஆறு தேறின. ஏழாவது இல்லை. ஆறையும் ஒரு துணியில் சுற்றி, ஒவ்வொன்றின் காம்பிலும் எண் கீறி வைத்தாய். இரு உள்ளங்கைகளுக்கும் இடையே குச்சியை உருட்டி, மத்துக் கடைவதுபோல வால்வை அதன் இருக்கையில் பசையிட்டு அரைப்பாய். பிறகு மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு சொட்டாவது கசிகிறதா என்று பார்ப்பாய். கசிந்தால் மறுபடியும் அரைப்பு. அந்த நாட்களில் என் உடம்பெல்லாம் இந்தப் பசையின் வாசனைதான். சோறு இல்லை, மரவள்ளிக் கிழங்குதான். அதிலும் அதே வாசனை.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துக் கோயிலில் உன் மகளுக்கு ஞானஸ்நானம். பிற்பகல்வரை கிராணியார் உனக்கு விடுப்புத் தந்தார். கேட்டதும் தந்தது எனக்கு வியப்பாக இருந்தது. கிளம்பும்போது நான்கு வால்வுகள் பொருத்தி முடிந்திருந்தன. ஐந்தும் ஆறும் அரைத்துச் சோதித்து, துணியில் சுற்றித் தயாராக இருந்தன.

"அதப் போட்டு மூடிடு லா. நான் புள்ளைக்குத் தண்ணி ஊத்திட்டு வந்து வெளி நட்டெல்லாம் இறுக்கிடுறேன்" என்று சைக்கிளில் ஏறினாய்.

நீ போய் அரைமணி ஆகியிராது, கிராணியார் வந்தார். அதிகாரி ஒரு தோட்டத் துரையின் வேகக் காரைப் பறித்து வைத்திருந்தது உனக்கு நினைவிருக்கும். அதை இன்னும் வேகமாக ஓடச் செய்து தருவதாகக் கிராணியார் அவருக்கு வாக்களித்திருக்கிறார். அதற்கும் ஹெட்டைச் சீவியாயிற்று. அதில் இரண்டு எக்சாஸ்ட் வால்வுகள் தீய்ந்துபோயிருந்தன. காம்பின் பருமன் நம்முடையதே; தலையைக் கொஞ்சம் கடைந்தால் பொருந்திவிடும். அவர் துணியைப் பிரித்து இரண்டையும் எடுத்துக்கொண்டார். அவற்றுக்குப் பதிலாக, எண்ணெய்த் தாளில் சுற்றிய இரண்டை மேசைமேல் வைத்தார். கண்ணாடிபோல் மின்னின.

"புத்தம் புதுசு தம்பி. லேத் கடையில நம்ம அளவுக்கே கடைஞ்சு வாங்குனேன். இதப் போடு."

நான் காந்தத்தை எடுத்து வைத்தேன். இரண்டிலும் ஒட்டிற்று. ஏதோ அச்சுத் தண்டை உருக்காமல் அப்படியே கடைந்த சாதாரண இரும்பு.

"ஐயா, இது எக்சாஸ்டுக்கு ஆகாது. மலையில் எரிந்துவிடும்" என்றேன்.

"எரியாது."

"காந்தம் ஒட்டுகிறது."

"எல்லா இரும்புலயும் காந்தம் ஒட்டும் தம்பி. ஒங்க காலேஜுல அதக்கூடச் சொல்லிக் குடுக்கலயா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "செட்டியார் வீட்டுப் புள்ளன்னு ஒன்ன இதுவரைக்கும் நான் அந்தத் தாள்ல எழுதல. சயாமுக்குப் படிச்சவன் வேணாம்னு எவனும் போர்டு போட்டு வைக்கல. இது ஒனக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும். அந்த வாயாடிக்குத் தெரிய வேணாம்."

அவர் போன பின் நான் செய்ததைச் சொல்கிறேன். அந்த இரண்டையும் அரைத்து, ஐந்திலும் ஆறிலும் பொருத்தி, ஹெட்டை மூடினேன். கை சரியாகவே வேலை செய்தது. வேலை முடிந்ததும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். எரியும் வாயுவின் வெப்பம் இவ்வளவு, ஏற்றம் இவ்வளவு தூரம், இந்த இரும்பு சிதைய ஆகும் நேரம் இவ்வளவு. மேலே போய்ச் சேரும்வரை தாங்கும் என்று விடை வந்தது. விடை வரும்வரை தொடக்க எண்களை மூன்று முறை மாற்றினேன். பட்டம் பெற்றவனுக்கு மட்டுமே வாய்க்கும் கோழைத்தனம் இது. படிக்காதவன் பயந்தால், பயந்தேன் என்பான். நான் என் பயத்துக்குச் சூத்திரம் எழுதினேன்.

பிற்பகல் நீ திரும்பி வந்தாய். சட்டைப் பையில் எனக்கென்று ஒரு துண்டு கருப்பட்டி. அந்தக் காலத்தில் அது எங்கே கிடைத்ததோ.

"பேரு வச்சாச்சு. தண்ணி ஊத்துனா அழவே இல்ல லா, சாமியாரப் பாத்து மொறைக்கிது. ஐஞ்சு ஆறு போட்டுட்டியா?"

"போட்டாயிற்று."

"மண்ணெண்ணெ ஊத்திப் பாத்தியா?"

"பார்த்தேன். கசியவில்லை."

அது உண்மைதான். கசியவில்லை. அதற்கு மேல் நீ கேட்கவில்லை. நட்டுகளை இறுக்கத் தொடங்கினாய். அன்று மாலைவரை உன் பக்கத்திலேயே இருந்தேன். ஏழெட்டு முறை வாய் திறந்தேன். ஒவ்வொரு முறையும் வேறு ஏதோ கேட்டேன்.

மறுநாள் காலை மூட்டைகள் ஏற்றி, ஓட்டுநர் பக்கத்தில் நீயும் நானும், பின்னால் அந்த வேகக் காரில் அதிகாரியும் கிராணியாரும். கோப்பெங், கம்பார் தாண்டித் தாப்பாவரை லோரி பறந்தது. மலைச்சாலை தொடங்கி, சடக்கின் முதல் வளைவு ஏறியதும் நீ தொடையைத் தட்டிச் சிரித்தாய். "பாத்தியா லா, ஆடு மாதிரி ஏறுது!" நான் ஒவ்வொரு மைல்கல்லையும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் என் சூத்திரத்தை மனத்துக்குள் மறுபடி போட்டேன். பாதித் தூரத்தில் எஞ்சின் ஒரு துடிப்பை விழுங்கிற்று. ஓட்டுநருக்குத் தெரியவில்லை. உன் சிரிப்பு நின்றது.

"நிப்பாட்டாத. ஒரு நிமிசம்" என்று தலையை வெளியே நீட்டிக் கேட்டாய். புகைக்குழாய் வழியே 'புஸ்' என்று ஓர் ஒலி, ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப. அடுத்த வளைவில் லோரி நின்றுவிட்டது; எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் கார் கதவு அறையும் ஓசை.

நீ எஞ்சின் மூடியைத் திறந்து, மரப்பிடி திருப்புளியால் ஒவ்வொரு பிளக்கையும் தொட்டு, அதன் பொறியை அணைத்துப் பார்த்தாய். நான்குவரை தொடத் தொட எஞ்சின் தடுமாறிற்று. ஐந்தைத் தொட்டபோது ஒரு மாற்றமும் இல்லை.

"அஞ்சாவது செத்துருச்சு காலேஜு" என்றாய், மெதுவாக.

சடக்கோரத்திலேயே ஹெட்டைக் கழற்றினாய். ஒருமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதிகாரி ஒரு பாறைமேல் உட்கார்ந்து அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது வால்வின் விளிம்பில் ஒரு பக்கம் கடித்து எடுத்ததுபோல் உருகிப் போயிருந்தது. ஆறாவது வளைந்திருந்தது. நீ பையிலிருந்து காந்தத்தை எடுத்தாய். அது ஒட்டிற்று. நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். நான் பள்ளத்தாக்கைப் பார்த்தேன்.

யார் இந்த வால்வுகளைத் தேர்ந்தெடுத்தது என்று அதிகாரி கேட்டார். கிராணியார் தமிழில் மொழிபெயர்த்தார். மொழிபெயர்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்து, கழற்றி வைத்த நட்டுகளை எண்ணினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு மூச்சு விடும் நேரமாகவே இருந்திருக்கும்.

"நாந்தான்" என்றாய். "தகரத்துல கலந்துருச்சு. பாக்காம எடுத்துட்டேன்."

அதிகாரி உன் கன்னத்தில் இரண்டு முறை அறைந்தார். கோபமே இல்லாமல், சுவரில் ஆணி அடிப்பதுபோல. கிராணியார் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: நான் சோதிக்க மறந்து தவறாக எடுத்துவிட்டேன் என்று நீ எண்ணுகிறாய்; நண்பனின் பிழையை மறைக்கப் பொய் சொன்னாய். அப்படியானால் உன் மனத்தில் நான் மறதிக்காரன் மட்டுமே. அந்த எண்ணம் எனக்குப் போதுமானதாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்து நடந்ததையும் நீ அறிய வேண்டும். அன்று மாலையே கிராணியார் அதிகாரியின் காரிலிருந்து அந்த இரண்டு நல்ல வால்வுகளையும் கழற்றச் சொல்லி, என் கையிலேயே கொடுத்தார். "இப்ப போடு. காரு நிக்கட்டும்" என்றார். தலை கடைந்து சிறுத்திருந்ததால் அவற்றுக்கேற்ப இருக்கைகளைக் குறுக்கிப் பொருத்தினேன். நான்கு நாள் கழித்து அந்த லோரி மலை உச்சிவரை நிற்காமல் ஏறிற்று. கிராணியாருக்குப் பாராட்டு கிடைத்தது. அந்த வார இறுதியில் சயாமுக்குப் போகிறவர்களை ஈப்போ ரயில் நிலையத்துக்கு ஏற்றிச் சென்றது அதே லோரிதான். நீ அதில் நின்றுகொண்டு போனாய். எஞ்சின் ஒரு துடிப்பைக்கூட விழுங்கவில்லை. நாம் இருவரும் சேர்ந்து செய்த வேலைகளில் ஆகச் சிறந்தது அது.

நிலையத்தில் சரக்குப் பெட்டியின் கதவருகே உன்னைக் கண்டுபிடித்தேன். பேசலாம் என்று வந்தவன், பேசாமல் நின்றேன்.

"ஓட்டம் நல்லா இருக்கு லா காலேஜு" என்றாய். "மூஞ்ச ஏன் இப்படி வச்சிருக்க? ரயில் எஞ்சினும் எஞ்சின்தானே, கத்துக்கிட்டு வாரேன். வீட்டுல கொஞ்சம் பாத்துக்க."

ரயில் கிளம்பியது. போர் முடிந்து திரும்பி வந்தவர்களில் ஒருவன் சொன்னான்: முதல் மழையிலேயே வாந்திபேதி, மூன்றே நாளில் முடிந்துவிட்டது என்று. நீ சொன்னபடி வீட்டை நான் பார்த்துக்கொள்ளவில்லை. இரண்டு முறை அரிசி கொடுத்தனுப்பினேன். நேரில் போகவில்லை. உன் மனைவி குழந்தையோடு சித்தியவானில் அவள் அக்காவிடம் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டபோது, எனக்கு ஏற்பட்டது நிம்மதி. அரசாங்க வேலையில் சேர்ந்தேன். பாலங்கள் கட்டினேன். கிராணியார் வெள்ளைக்காரன் துண்டு போட்டு விற்ற தோட்டங்களில் நிலம் வாங்கினார், சங்கத் தலைவரானார். விசேஷங்களில் எதிர்ப்பட்டால் எனக்குக் கைகூப்புவார். நானும் கூப்பியிருக்கிறேன்.

மலரில் அந்த வாக்கியத்தைப் படித்த மறுநாள், விழாக் குழுவுக்கு ஒரு திருத்தம் எழுதினேன். என்ன நடந்தது, யார் எதை எடுத்தார், யார் மௌனமாக இருந்தான் என்று ஒன்றரைப் பக்கம். செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "சார், பழைய கதய ஏன் கிளறணும்? பெரியவரு மனசு நோகும் லா." நோக வேண்டும் என்றுதான் எழுதினேன் என்றேன். அவர் வேறு ஏதோ பேசிவிட்டு வைத்துவிட்டார். மூன்றாம் நாள் என் கடிதம் பிரிக்கப்பட்டு, மறுபடி ஒட்டப்பட்டுத் திரும்பி வந்தது.

அதன் பிறகே சித்தியவானுக்குப் போனேன். உன் மனைவி சென்ற ஆண்டு காலமாகிவிட்டாள். அதையும் அங்கே போய்த்தான் அறிந்தேன். உன் மகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கதவைத் திறந்து என்னைப் பார்த்தவள், நான் பெயர் சொல்வதற்குள், "காலேஜு அங்கிளா?" என்றாள்.

சாமியாரை முறைத்த அந்தப் பார்வை இப்போதும் இருக்கிறது. உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். மலரை மேசைமேல் வைத்து, அந்த வாக்கியத்தைக் காட்டி, உனக்கு இன்று சொன்ன அனைத்தையும் அவளுக்குச் சொன்னேன். சூத்திரத்தையும் சொன்னேன். கடைசியாக, "உன் அப்பா நான் மறதியாகச் செய்ததாக எண்ணியே போனார். உண்மை அவருக்குத் தெரியாது" என்றேன்.

அவள் காப்பிக் கோப்பையை நகர்த்தி வைத்தாள்.

"அப்பாவுக்குத் தெரியும் அங்கிள்."

நான் மலரை மூடினேன்.

"மலையிலேருந்து எறங்கி வந்த அன்னிக்கே அம்மாகிட்ட சொல்லிட்டாராம். 'காலேஜு காந்தத்த வச்சுப் பாக்காம ஒரு ஆணியக்கூட எடுக்க மாட்டான். அவன எவனோ மெரட்டியிருக்கான். எவன்னும் எனக்குத் தெரியும். நான் கிராணி பேரச் சொன்னா ரெண்டு பேரயும் அனுப்பிடுவான். ஒருத்தன் போனாப் போதும்'னு. அம்மா சண்ட போட்டிருக்காங்க. ஏன் நீங்க, அவரு போகட்டும்னு. அதுக்கு அப்பா, 'அவன் அங்க ஒரு வாரம் தாங்க மாட்டான். நான் தாங்குவேன்'னு சொன்னாராம்."

நீ போட்ட ஒரே தவறான கணக்கு அது.

பிறகு அவள்தான் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. தாமதமாக வந்த மாணவனிடம் ஆசிரியை கேட்பதுபோல் கேட்டாள்.

"நீங்க வந்து சொல்லுவீங்கன்னு அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ஏன் அங்கிள் வரவே இல்ல?"

மலரை எடுத்துப் பைக்குள் வைத்தேன். எழுந்தபோது, "இத எழுதிக் குடுங்க. பேச்சா வேணாம். என் புள்ளைங்க படிக்கணும்" என்றாள். அதற்காகவே எழுதுகிறேன். திங்கட்கிழமை அவள் கைக்குப் போய்ச் சேரும். ஒரு படி விழாக் குழுவுக்கும், ஒரு படி கிராணியாருக்கும் போகும். அவருக்குக் கண் இன்னும் நன்றாகத் தெரிகிறதாம், மலரிலேயே போட்டிருக்கிறார்கள். கைகூப்புவதை நிறுத்திவிட்டேன் என்பதைக் கடிதத்தின் அடியில் தனியாக எழுதியிருக்கிறேன்.

மச்சான், நீ அறியாமல் போனாய் என்ற எண்ணத்தை வைத்துக்கொண்டே இத்தனை ஆண்டுகள் சாப்பிட்டேன், தூங்கினேன், பாலம் கட்டினேன். அந்த ரயில் பெட்டியின் கதவருகே நீ சிரித்ததை நினைக்கும்போதெல்லாம், பாவம், இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இப்போது அந்தச் சிரிப்பை மறுபடி பார்க்கிறேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். எல்லாம் தெரிந்தவனாக, நான் ஏதாவது சொல்வேனா என்று ரயில் நகரும்வரை காத்திருக்கிறாய்.